நான்காம் பத்தி

நோட்டரி அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அதன் கதவில், ‘இந்த லிஃப்ட் நல்ல முறையில் இயங்குகிறது எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்ற தாள் முத்திரையோடு ஒட்டப்பட்டிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை.

ஆகவே அப்பா படியேறினார். அவருக்கு எழுபத்தாறு வயது. ஐந்து படிக்கு ஒரு முறை நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மேலே இன்னும் எவ்வளவு என்று பார்த்தார். ஃபைலோடு முன்னால் போய்க்கொண்டிருந்த மகன், அவர் நிற்கும்போதெல்லாம் தானும் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மகன் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பவன். ஊரில் பாதி அலுவலகங்களின் மெஷின்கள் அவன் கைபட்டால்தான் அசையும். எல்லாரும் மெக்கானிக் என்றே கூப்பிடுவதால் நாமும் அப்படியே சொல்லிவிடலாம். கெட்டவன் இல்லை. அப்பா வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையே பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அம்மா போன பிறகு இந்த ஐந்து வருஷத்தில், அந்த நாற்பது நிமிஷம் அவனுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

போன மாதம் அவன் மைத்துனன் வந்திருந்தபோது சொன்னான்: “மச்சான், பெரியவர் நெனவோட இருக்கும்போதே வீட்ட எழுதி வாங்கிடுங்க. அப்புறம் அலையறது நீங்கதான்.”

மெக்கானிக்குக்கும் ஒரு யோசனை இருந்தது. அப்பா வீட்டின் முன்பக்கத்தை இடித்தால் நல்ல பட்டறை போடலாம். அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று அரை மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு ஃபோன் செய்தான். அப்பா, “சரிப்பா. எங்க வரணும்னு சொல்லு” என்றார். ஒத்திகை அத்தனையும் வீணாகப் போயிற்று.

தங்கை ஒருத்தி இருக்கிறாள். அப்பா வீட்டுக்கு அடுத்த தெரு. மருந்துக்கடையில் வேலை. அவளிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அந்த அப்புறம் எப்போது என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டட வாசலில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட்தான் பத்திரத்தை அடித்துக் கொடுத்திருந்தார். “எல்லாருக்கும் ஒரே மாடல்தான் சார். பேரையும் விலாசத்தையும் மட்டும் மாத்துவேன். யாரும் படிக்கிறதில்ல, நானும் படிச்சதில்ல” என்று அவர் தைரியம் சொல்லியிருந்தார். மெக்கானிக்கும் படிக்கவில்லை.

மேலே பெரிய கூடம். நீள பெஞ்சுகளில் முப்பது பேர் ஆளுக்கொரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் நோட்டரி. அவர் மேஜையில் நான்கு முத்திரைகள், இரண்டு மை அட்டைகள், ஒரு மைக். தடுப்புக்கு முன்னால் ஜன்னலில் குமாஸ்தா அம்மாள். முதலில் அவரைத் தாண்ட வேண்டும்.

அவர் அப்பாவின் ஃபோட்டோவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஃபோட்டோல கண்ணாடி இல்ல. நேர்ல கண்ணாடி இருக்கு. ரெண்டுல எது இவரு?”

“ரெண்டும் அவர்தாங்க” என்றான் மெக்கானிக்.

“அப்படி எழுத முடியாது.”

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். குமாஸ்தாவின் முகம் தெளிந்தது.

“இப்ப சரியா இருக்கு. வேலை முடியற வரைக்கும் போடக்கூடாது. இடையில போட்டீங்கன்னா வேற ஆளாயிடுவீங்க.” பிறகு பத்திரத்தை நகர்த்தினார். “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

“கண்ணாடி இல்லாம எப்படிம்மா படிக்கிறது?” என்று அப்பா நியாயமாகக் கேட்டார்.

குமாஸ்தா ஒரு புத்தகத்தைப் புரட்டினார். படிக்க இயலாதவருக்கு நோட்டரியே வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று போன வருஷம் சுற்றறிக்கை வந்திருந்தது. வெளிப்படை என்றால் என்ன என்று அதில் சொல்லாததால், அலுவலகம் ஒரு மைக்கும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வைத்திருந்தது.

நோட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். அவருடைய குரல் கூடத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் வந்தது. முதல் பத்தி அப்பா யார் என்றது. இரண்டாவது, வீடு எங்கே இருக்கிறது என்றது. மூன்றாவது, அதை மகனுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னது.

“பத்தி நான்கு. என்னைக் கவனிக்க வேறு எவரும் இல்லாத நிலையில், என் மகனே அல்லும் பகலும் என் அருகிருந்து, உணவும் மருந்தும் தன் கையாலேயே அளித்து, என்னைக் கண்போல் காத்துவருகிறார் என்பதையும், அவர் இல்லாவிடில் நான் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்பதையும் மனமார உறுதி கூறுகிறேன்.”

பெஞ்சில் ஓர் அம்மா மெக்கானிக்கை ஏறிட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவன் ஃபைலின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

“மேலே வாசிக்கப்பட்டது முழுவதும் உண்மையா? உரக்கச் சொல்லவும்.” நோட்டரி மைக்கை அப்பாவின் வாய்க்கு நேரே திருப்பினார்.

“வீட்டக் குடுக்கறது உண்மைங்க” என்றது அப்பாவின் குரல் இரண்டு மூலைகளிலிருந்தும். “நாலாவதா ஒண்ணு படிச்சீங்களே, அது இல்லைங்க.”

கூடத்தில் தாள் புரளும் சத்தம் நின்றது.

நோட்டரி தாம் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். பிறகு, அப்பா கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். இன்னொரு தடவை கேட்டார். அதே பதில்தான் வந்தது.

“பெரியவரே, படிவத்துல ‘ஆம்’ மட்டும்தான் இருக்கு. ‘இல்ல’ன்னு சொன்னா நான் எங்க டிக் போடுவேன்?”

“அதுக்கு நான் என்னங்க பண்றது?”

“முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நாலாம் பத்திய யாருமே காதுல வாங்கினதில்ல.”

“மைக்குல படிச்சீங்க. விழுந்துடுச்சு.” அப்பா மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். “என்னன்னா, காலையில என் பொண்ணு வர்றா சார். மாத்திரையெல்லாம் அவதான் எடுத்துக் குடுக்கறா. அவள இல்லவே இல்லன்னு எழுதிட்டு, நாளைக்கு அவ கையால எப்படிச் சாப்பிடறது?”

மெக்கானிக் எட்டி மைக்கை அணைக்கப் பார்த்தான். குமாஸ்தா அவன் கையைத் தட்டிவிட்டார். மைக்கைத் தொட அதிகாரம் பெற்றவர் நோட்டரி ஒருவரே.

“சார், அந்தப் பத்திய எடுத்துடலாமே” என்றான் குனிந்து.

நோட்டரி உட்கார்ந்தார். அவருக்குப் பிடித்தமான விஷயம் வந்துவிட்டது என்பது அவர் கைகளைக் கோத்துக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

“தம்பி, ஒரு பத்திரத்துல ஏழு பத்தி இருக்கணும். எத்தனையோ அறிஞர்கள் கூடி உக்காந்து முடிவு பண்ணினது. நாலாம் பத்தி பொய்யா இருக்கலாம். அதனால பத்திரத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனா நாலாம் பத்தி இல்லாமப் போனா, அஞ்சாம் பத்தி நாலாம் பத்தி ஆயிடும். அப்புறம் நாட்டுல எது எதுன்னு யாருக்குத் தெரியும்?”

அதற்கு ஒரு வழியும் அவரிடமே இருந்தது. பராமரிப்பு மெய்ப்பு விசாரணை. பத்துக் கேள்விகள். கவனித்துக்கொள்பவர் ஆறுக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால், நான்காம் பத்தி உண்மை எனக் கருதப்படும். பெரியவர் சொன்ன ‘இல்லை’ தானாகவே ‘ஆம்’ ஆகிவிடும்.

மெக்கானிக்கை மேஜைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி. அப்பாவிடம் குமாஸ்தா முன்பே கேட்டுக் குறித்த விடைத்தாள் நோட்டரி கையில். மைக் அப்படியே இருந்தது.

“தந்தையார் தினமும் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார்?”

மெக்கானிக் யோசித்தான். அப்பா மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியும். ஓரக்கண்ணால் பார்த்தான். அப்பா கையை மடியில் வைத்து நாலு விரலை நீட்டியிருந்தார்.

“நாலு” என்றான்.

“சரி. எந்தக் காது மந்தம்?”

காது மந்தம் என்பதே அவனுக்குச் செய்தியாக இருந்தது. அப்பா இடது காதைச் சொறிந்தார்.

“இடது.”

“சரி. கண் அறுவை சிகிச்சை எப்போது நடந்தது?”

அப்பாவால் இதைச் சைகையில் காட்ட முடியவில்லை. முயன்று பார்த்தார். விரல்களை நீட்டினார், மடக்கினார், ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வதுபோல் ஏதோ காட்டினார். மெக்கானிக் தவறான மாதத்தைச் சொன்னான். அப்பா உச்சுக்கொட்டினார், தன் பிழைபோல.

செருப்பின் அளவு. எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார். எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அப்பாவின் விரல்களும் தோளும் தலையும் ஓயாமல் வேலை செய்தன. எதிரே உட்கார்ந்திருந்த நோட்டரிக்கு அது தெரியவில்லை. விடை சொல்பவரைக் கவனிக்க வேண்டும் என்றுதான் விதி; பக்கத்தில் இருப்பவரைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. பெஞ்சில் இருந்த முப்பது பேருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையில்கூட பார்த்து எழுதாதவன் மெக்கானிக். அவன் காது நுனி சூடேறியது. எல்லாவற்றையும்விட, அப்பா அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து முகம் மலர உட்கார்ந்திருந்ததுதான் தாங்கவில்லை.

“பத்துக்கு ஆறு. தேர்ச்சி” என்றார் நோட்டரி. “இனி ஒரு சாட்சிக் கையெழுத்து மட்டும். ரத்த உறவு, இந்தச் சொத்துல பங்கு வாங்காதவங்களா இருக்கணும். மகன் கவனிச்சுக்கறத நேர்ல பாத்தவங்களா இருக்கணும்.”

பார்த்தாளோ இல்லையோ, அப்படி ரத்த உறவு உலகத்திலேயே ஒரே ஒருத்திதான். அப்பா சொன்னார்: “தங்கச்சியக் கூப்பிடுப்பா. பக்கத்துலதான வேலை செய்யறா.”

அவன் வராந்தாவுக்குப் போய் ஃபோன் செய்தான்.

“அண்ணா? அப்பாவுக்கு என்ன?” என்று எடுத்ததுமே கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல. நோட்டரி ஆபீஸ்ல இருக்கோம். ஒரு கையெழுத்து வேணும்.”

“ரெண்டு மாடி ஏறினாரா? முட்டிக்குப் பட்டை போட்டுக்கிட்டு வந்தாரா?”

அவன் கூடத்துக்குள் எட்டி அப்பாவின் முட்டியைப் பார்த்தான். “வர்றேன், இரு” என்று வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்குள் அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷின் தாளை மென்று நின்றுவிட்டது. அவனுடைய தொழிலைப் பத்திரத்தில் படித்திருந்த குமாஸ்தா கூப்பிட்டார். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உருளையில் சுற்றியிருந்த தாளை எடுத்தான். இந்த மாடலில் எந்தப் பல்சக்கரம் எத்தனை மாதத்தில் தேயும் என்று யாரும் கேட்காமலே சொன்னான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மாத்திரை நாலு என்பது நினைவுக்கு வந்தது. மூடியைப் பூட்டிவிட்டு எழுந்தான்.

தங்கை மருந்துக்கடை மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். நேரே அப்பாவிடம் போனாள்.

“கண்ணாடி எங்கப்பா?” பையிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டாள்.

“ஃபோட்டோல இல்லைங்க” என்றார் குமாஸ்தா.

“இல்லாட்டி அவருக்குத் தலை சுத்தும்” என்றாள் தங்கை. விதிப் புத்தகத்தில் தலைசுற்றலைப் பற்றி இல்லாததால் குமாஸ்தா விட்டுவிட்டார்.

பத்திரத்தை நின்றுகொண்டே படித்தாள். மெக்கானிக் அவள் கண்களையே பார்த்தான். அவை மூன்றாவது பத்தியைக் கடந்தன. நான்காவதில் கொஞ்சம் நின்றன. வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வந்தன.

“எங்க போடணும்ணா?” என்றாள்.

அவன் காட்டினான். போட்டாள்.

“இதுக்கா இவ்ளோ நேரம் அப்பாவ உக்கார வச்ச? என்கிட்ட முன்னாடியே குடுத்திருந்தா வீட்லயே போட்டுக் குடுத்திருப்பேனே.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “சாப்டீங்களா?” என்றாள்.

நோட்டரி நான்கு முத்திரைகளையும் வரிசையாகக் குத்தினார். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்தார். நூற்றுக்கு அறுபது வாங்கிய மகனை அவர் சும்மா அனுப்புவதாக இல்லை.

“பெரியோர்களே, தாய்மார்களே. பெற்றவர்களை மறந்துபோன இந்தக் காலத்தில், இதோ ஒரு மகன். நான் சொல்லவில்லை, பத்திரம் சொல்கிறது. அன்பை யார் வேண்டுமானாலும் செலுத்திவிடலாம். அதை முத்திரையோடு செலுத்துவதுதான் அன்பு. முத்திரையில்லாத அன்பை இந்த அலுவலகம் அன்பாகக் கருதுவதில்லை. இவரைப் பாராட்டும் விதமாக...”

கைதட்டினார்கள். முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். அப்பாவும் மெதுவாகத் தட்டினார். எல்லாரும் தட்டுகிறார்களே என்று தங்கையும், மருந்துப் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, தட்டினாள்.

மெக்கானிக் எழுந்தான். “சார், அது பொய்.”

“எது?”

“நாலாவது. நான் அவரப் பாத்துக்கறதே இல்ல.”

மைக் அதையும் இரண்டு மூலைகளுக்கும் கொண்டுபோயிற்று. நோட்டரி அவனைப் பரிவோடு பார்த்தார்.

“உக்காருங்க தம்பி. உண்மையா பொய்யாங்கறது நம்ம வேலையே இல்ல. இன்னார் இன்ன தேதியில இப்படிச் சொன்னாருங்கறது மட்டும்தான் நாங்க உறுதி பண்றது. நீங்க பாட்டுக்கு உண்மைய இதுக்குள்ள கொண்டுவந்தா நிர்வாகம் எப்படி நடக்கும்?”

“எனக்கு இந்தப் பத்திரம் வேணாம்.”

வேண்டாம் என்பதற்கும் படிவம் இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் மரணம், மனநிலைப் பிறழ்வு, மோசடி, இதர என்று நான்கு. மெக்கானிக் மோசடியில் டிக் போடப் போனான். “அது போட்டா போலீஸ் வரணும்” என்றார் குமாஸ்தா. அவன் இதரவில் போட்டான். இதர என்றால் ஐம்பது வார்த்தைகளுக்குக் குறையாமல் விளக்க வேண்டும்.

எழுதினான்: ‘என் அப்பாவை நான் கவனித்துக்கொள்ளவில்லை. என் தங்கைதான் கவனித்துக்கொள்கிறாள்.’

குமாஸ்தா பேனா முனையால் எண்ணினார். “ஏழு. இன்னும் நாப்பத்து மூணு.”

எழுத ஆரம்பித்ததும் தடையில்லாமல் வந்தது. மாத்திரை எத்தனை என்று தெரியாது. காது எது என்று தெரியாது. விசாரணையில் சொன்ன விடைகள் அப்பா சைகையில் காட்டியவை. இன்று காலையும் அவரைத் தனியாகப் பஸ்ஸில் வரச் சொன்னேன்.

“இருபத்தெட்டு” என்றார் குமாஸ்தா.

அவன் பேனா நின்றது. அப்பா எட்டிப் பார்த்தார். “கண்ணு ஆபரேஷனுக்கு நீ வரலையே, அதப் போடு” என்றார் உதவியாக. குற்றம் சொல்லும் தொனி இல்லை. விடுபட்ட ஒரு விலாசத்தை எடுத்துக்கொடுப்பதுபோல் இருந்தது. “நாலு நாள் இருந்தேன் ஆஸ்பத்திரியில. அதுலயே ஏழெட்டு வார்த்தை வருமே.”

“எந்தக் கண்ணுப்பா?”

“வலது.”

எழுதினான். தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏண்ணா இதையெல்லாம் போடற? சும்மா ‘மேலும்’, ‘ஆகவே’, ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’னு நீட்டி எழுதேன். அவங்களுக்கு எண்ணிக்கைதான வேணும்?” என்று காதருகில் சொன்னாள். அவள் சொன்னதையும் எழுதினான். நாற்பத்தொன்பது ஆயிற்று. ஒன்று குறைந்தது. ‘வெட்கமாக இருக்கிறது’ என்று முடித்தான்.

“ஐம்பத்தொண்ணு” என்றார் குமாஸ்தா. “கூட இருந்தாப் பரவால்ல.”

இதையும் வாசிக்க வேண்டும் என்பது விதி. நோட்டரி முன்பு வாசித்த அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். வெட்கத்துக்கு முன் செருமிக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை. அவனை ஏறிட்டுப் பார்த்துத் தலையாட்டிய அம்மா இப்போது குனிந்து, தன் மடியிலிருந்த ஃபைலைத் திறந்து, நான்காவது பத்தி எங்கே என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் தன்னுடையதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

முத்திரைகள் விழுந்தன. “அசல் உங்களுக்கு. நகல் இங்க முப்பது வருஷம் இருக்கும்” என்றார் நோட்டரி. “எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம்.” அவன் சரிசெய்து கொடுத்த மெஷினிலிருந்து நகல் பளிச்சென்று வந்தது.

மூவரும் படியிறங்கினார்கள். தங்கை அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக்குக்கு இன்னொரு கையைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை; ஃபைலைப் பிடித்துக்கொண்டான்.

“வீட்டு விஷயம் அப்புறம் பேசுவோம்” என்றார் அப்பா நடுப்படியில் நின்று. “இவளையும் உக்கார வச்சிக்கிட்டு.”

“எனக்கு வீடெல்லாம் எதுக்குப்பா? எனக்கு நேரமாச்சு” என்றாள் தங்கை. கீழே வந்ததும் அண்ணனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “இந்தா, ரெண்டு மணி மாத்திரை, சாப்பாட்டுக்கப்புறம்” என்று ஒரு சின்னக் கவரை அவன் கையில் வைத்துவிட்டுக் கடைப் பக்கம் ஓடினாள்.

பஸ் வந்தது. மெக்கானிக்கின் வண்டி கட்டடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அன்று மாலைக்குள் மூன்று இடங்களில் அவன் மெஷின் பார்க்க வேண்டியிருந்தது. அப்பா முன்னால் ஏறி, பழகிய இடம்போல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார்.

“ஒண்ணு” என்று அப்பா சில்லறையை நீட்டினார்.

கண்டக்டர் அப்பாவுக்குப் பின்னால் பார்த்தார். “இவரு?”

அப்பா திரும்பினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாத்திரைக் கவரோடு மகன் நின்றிருந்தான். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

“நீயும் வர்றியா?” என்றார்.